சேவைக் கண்டறிதல் கருவிகளை ஏஐ முகவர்களுக்கு எந்த வடிவில் ஆவணப்படுத்துவது?

ஒரு மென்பொருள் பல சிறு சேவைகளாகப் பிரிந்து ஓடும்போது, எந்தச் சேவை எந்த முகவரியில், எந்தப் போர்ட்டில், இந்த நேரத்தில் உயிரோடு இருக்கிறது என்பதைச் சொல்ல ஒரு பதிவகம் தேவைப்படுகிறது. கன்சல், யுரேகா, எட்சிடி, சூகீப்பர், குபெர்நெட்டிஸின் உள்ளமைந்த டிஎன்எஸ் (பெயரைச் சொன்னால் முகவரியைத் தரும் அமைப்பு) ஆகியவை அந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகின்றன. அவற்றுக்கான ஆவணங்கள் பொறியாளர்கள் படிப்பதற்கென்று எழுதப்பட்டவை. இப்போதோ, எச்சரிக்கை வந்தவுடன் பதிவகத்தை முதலில் கேட்டுப் பார்ப்பது பல குழுக்களில் ஏஐ முகவராகிவிட்டது, அதாவது கருவிகளைத் தானே அழைத்து வேலை செய்யும் மொழி மாதிரி. ஆகவே அந்த முகவருக்கு இந்தக் கருவிகளைப் பற்றி எந்த வடிவில் எழுதிக் கொடுப்பது என்பது இனியும் தள்ளிப்போட முடியாத முடிவாகிறது.

கையில் இருக்கும் வழிகள் ஆறு. ஏற்கெனவே உள்ள இணையப் பக்கங்களை அப்படியே தேடவிடலாம்; எல்எல்எம்ஸ்.டிஎக்ஸ்டி என்னும் சுட்டிக் கோப்பை வைக்கலாம். ஏபிஐயை, அதாவது நிரல்கள் ஒன்றையொன்று கேட்கும் வழியை, விவரிக்கும் ஓபன்ஏபிஐ கோப்பைக் கொடுக்கலாம். முகவரோடு கருவிகளை இணைக்கும் எம்சிபி நெறிமுறையில் சர்வர் ஒன்றை எழுதி அதன் கருவி விளக்கங்களையே ஆவணமாக்கலாம். நிரல் களஞ்சியத்தில் முகவருக்கான குறிப்புகள் கொண்ட ஏஜென்ட்ஸ்.எம்டி கோப்பு வைக்கலாம். தேவைப்படும்போது மட்டும் படிக்கப்படும் ஸ்கில் எனப்படும் கோப்புறைகளாகப் பிரித்துத் தரலாம். இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பயனுள்ள விடை கிடைக்காது. என் நிலைப்பாடு இதுதான்: கன்சலின் கட்டளைகளையும் குபெர்நெட்டிஸின் கட்டளைகளையும் மொழி மாதிரிகள் ஏற்கெனவே படித்திருக்கின்றன, பதிவகம் தரும் விடையை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் அவை தடுமாறுகின்றன. காலியான விடை, பழைய விடை, வடிகட்டப்பட்ட விடை ஆகிய மூன்றையும் பிரித்தறிய எந்த வடிவம் முகவருக்கு உதவுகிறதோ, அதற்கே குழு தன் நேரத்தைச் செலவிட வேண்டும்.

ஒரே கேள்வி, நான்கு சரியான விடைகள்

கன்சலை எடுத்துக்கொள்வோம். பேமென்ட் என்ற பெயரில் ஒரு சேவைக்கு நான்கு இன்ஸ்டன்ஸ்கள், அதாவது தனித்தனியே ஓடும் பிரதிகள், பதிவாகியிருக்கின்றன. அவற்றின் நலத்தைச் சோதிக்கும் ஹெல்த் செக்கின்படி இரண்டு நலமாக உள்ளன, ஒன்று எச்சரிக்கை நிலையில் உள்ளது, ஒன்று செயலிழந்துவிட்டது. "பேமென்ட் சேவைக்கு எத்தனை இன்ஸ்டன்ஸ்கள் ஓடுகின்றன?" என்று முகவரிடம் கேட்கிறோம். அது கன்சல் ஏபிஐயின் கேட்டலாக் பாதையைக் கூப்பிட்டால் நான்கும் வரும். நலநிலை பற்றிய குறிப்பு எதுவும் அந்த விடையில் இராது. ஹெல்த் பாதையை 'பாஸிங்' என்ற நிபந்தனையுடன் கூப்பிட்டால் இரண்டு மட்டும் வரும். கன்சலின் டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் மூன்று வரும். ஏனெனில் டிஎன்எஸ் தன் இயல்பு அமைப்பில் செயலிழந்தவற்றை மட்டுமே விலக்குகிறது, எச்சரிக்கை நிலையில் உள்ளவற்றை விட்டுவைக்கிறது. ஒரு கணினியில் ஓடும் கன்சல் ஏஜென்ட்டின் (இது கன்சலின் சொந்த நிரல், ஏஐ முகவர் அன்று) சேவைப் பட்டியலைக் கேட்டால், அந்த ஒரு ஏஜென்ட்டிடம் பதிவானவை மட்டும் வரும். அது ஒன்றாகவும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

நான்கு விடைகளும் சரியானவையே. ஆனால் கேட்டவர் எதிர்பார்த்தது அவற்றுள் ஒன்றைத்தான். பேருந்து நிலையத்துக் கால அட்டவணைப் பலகையைப் பார்த்துவிட்டு வண்டி வந்து நிற்கிறது என்று சொல்வதைப் போல, கேட்டலாக் பட்டியலைப் பார்த்து "நான்கும் ஓடுகின்றன" என்று முகவர் உறுதியாகச் சொல்லிவிடும். சேவைகளின் பட்டியல் என்ற பொருளைத் தரும் பெயர் கேட்டலாக்குக்கே இருப்பதால், விளக்கம் ஏதும் இல்லாத நிலையில் மாதிரி அதைத் தேர்ந்தெடுப்பது இயல்பானதே.

இதைவிடத் தொல்லை தருவது காலியான விடை. இல்லாத சேவையின் பெயரைக் கேட்டாலும் ஹெல்த் பாதை பிழை எதுவும் சொல்லாது. 200 என்ற வெற்றிக் குறியுடன் வெறும் பட்டியலைத் திருப்பித் தரும். சேவை இருந்து, கேட்டவரின் டோக்கனுக்கு (உரிமைச் சாவிக்கு) அதைப் படிக்கும் உரிமை இல்லாவிட்டாலும், ஏசிஎல் எனப்படும் அனுமதி விதிகளின் வடிகட்டலால் அதே காலிப் பட்டியல்தான் வரும். இந்தப் பாதைக்குச் சேவையைப் படிக்கும் உரிமையோடு, அது ஓடும் நோடை (கணினியை) படிக்கும் உரிமையும் வேண்டும். ஆகவே சேவை உரிமையை மட்டும் கொடுத்து நோடு உரிமையை மறந்துவிட்ட டோக்கனை வைத்திருக்கும் முகவர், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சேவையை "பதிவே ஆகவில்லை" என்று அறிவிக்கும். ஏசிஎல் காரணமாக முடிவுகள் வடிகட்டப்பட்டன என்று சொல்லும் ஹெட்டர் (விடையின் உடலுக்கு வெளியே வரும் குறிப்பு வரி) ஒன்றைக் கன்சல் விடையோடு அனுப்ப வல்லது. ஆனால் பெரும்பாலான கட்டளைகளும் நிரல்களும் விடையின் உடலை மட்டுமே காட்டுவதால், அது முகவரின் கண்ணில் படுவதேயில்லை.

விடையின் வயதும் கவனிக்க வேண்டியது. கன்சலின் எச்டிடிபி வழியில் விடை எவ்வளவு புதியதாக இருக்க வேண்டும் என்பதைக் குறிக்க மூன்று விதமான ஒத்திசைவு உண்டு. அவற்றுள் 'ஸ்டேல்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் தலைமைச் சர்வர் இல்லாத நேரத்திலும் விடை வரும், தலைமையோடு கடைசியாக எப்போது தொடர்பு இருந்தது என்பதை ஹெட்டர் சொல்லும். டிஎன்எஸ் வழியில் பழைய விடைக்கு இயல்பாகவே அனுமதி உண்டு. எவ்வளவு பழையதை ஏற்கலாம் என்பதற்கான இயல்பு வரம்பு 87,600 மணி நேரம், அதாவது 10 ஆண்டுகள். கன்சல் சர்வர்களின் கூட்டமான கிளஸ்டர் தடுமாறும்போதும் பெயர் தேடல் நின்றுவிடக் கூடாது என்பதற்காக எடுக்கப்பட்ட நல்ல முடிவு அது. ஆனால் பிழை ஆராயும் முகவர் டிஎன்எஸ் விடையை இந்தக் கணத்தின் உண்மையாக எடுத்துக்கொண்டால், அதே முடிவு அதைத் தவறான திசையில் கொண்டுபோகும்.

இனி அந்த ஆறு வடிவங்களையும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கலாம்.

இருக்கும் பக்கங்களும் சுட்டிக் கோப்பும்

எதுவும் புதிதாக எழுதாமல், அதிகாரப்பூர்வ ஆவணப் பக்கங்களைத் தேடிப் படிக்கும் வசதியை மட்டும் முகவருக்குக் கொடுப்பது மிகக் குறைந்த செலவுள்ள வழி. மேலே சொன்ன விவரங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கங்களில் எங்கோ ஓரிடத்தில் எழுதப்பட்டுத்தான் இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், தேடல் கருவி பக்கத்தைத் துண்டுகளாக்கி ஒரு துண்டை மட்டும் எடுத்துத் தரும்போது, எந்தப் பதிப்புக்கு அது பொருந்தும் என்ற வரி இன்னொரு துண்டில் தங்கிவிடுகிறது.

பதிப்பு வேறுபாடு இந்தத் துறையில் சிறிய விஷயமன்று. எட்சிடியின் இரண்டாம் தலைமுறை ஏபிஐயில் விசைகள் கோப்புறைகள் போல அடுக்காக இருந்தன; மூன்றாம் தலைமுறையில் கோப்புறையே கிடையாது, முன்னொட்டை வைத்துத்தான் தேட வேண்டும். பழைய கட்டளைகள் இணையமெங்கும் பரவிக் கிடப்பதால் மாதிரிகள் அவற்றையே முதலில் எழுத முற்படுகின்றன. குபெர்நெட்டிஸிலும் இதே கதைதான். ஒரு சேவையின் முகவரிகளைப் பட்டியலிடும் எண்ட்பாயிண்ட்ஸ் என்ற பழைய பொருளுக்கு மாற்றாக வந்த எண்ட்பாயிண்ட்ஸ்லைஸ் 2021இல் வெளியான 1.21 பதிப்பிலேயே நிலையானதாகிவிட்டது. 2025இல் வெளியான 1.33 பதிப்பில் பழையது கைவிடப்படும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அந்தப் பழைய பொருள் 1,000 முகவரிகளுக்கு மேல் போனால் வெட்டப்படுகிறது; வெட்டப்பட்டது என்பதை ஒரு குறிப்புரை மட்டுமே சொல்லும். பழைய கட்டளையை ஓட்டி வரிகளை எண்ணும் முகவர் பெரிய சேவைகளில் எப்போதும் ஆயிரத்திலேயே நின்றுவிடும். ஆகவே தேடலைப் பின்னணி உதவியாக வைத்துக்கொள்ளலாமே தவிர, அதையே ஆவணமாக நம்பக் கூடாது.

எல்எல்எம்ஸ்.டிஎக்ஸ்டி என்பது 2024 செப்டம்பரில் ஜெரமி ஹோவர்ட் முன்மொழிந்தது. ஒரு தளத்தின் முக்கியப் பக்கங்களைச் சிறு விளக்கங்களோடு மார்க்டவுன் வடிவில் பட்டியலிடும் கோப்பு அது. பொதுவெளியில் கருவி வெளியிடும் நிறுவனத்துக்கு அது பொருத்தமானது. தன் வலையமைப்புக்குள் கன்சலை ஓட்டும் ஒரு குழுவுக்கு அதனால் கிடைப்பது, எந்தப் பக்கத்தைப் படிக்கலாம் என்ற வழிகாட்டல் மட்டுமே. அந்தப் பக்கங்கள் தெளிவாக இருந்தால்தான் அந்த வழிகாட்டலுக்கு மதிப்பு.

ஓபன்ஏபிஐ: வடிவம் தெளிவு, பொருள் மறைவு

பலரும் முதலில் எட்டிப் பிடிப்பது ஓபன்ஏபிஐதான். ஒவ்வொரு பாதைக்கும் அளபுருக்கள் (அனுப்ப வேண்டிய மதிப்புகள்) என்ன, அவற்றின் வகை என்ன, விடையின் அமைப்பு என்ன என்பதை இயந்திரம் படிக்கும் வடிவில் துல்லியமாகச் சொல்வதில் இதற்கு நிகர் இல்லை. குபெர்நெட்டிஸில் ஏபிஐ சர்வரே தன்னைப் பற்றிய ஓபன்ஏபிஐ விவரத்தைத் தருவதால், அங்கே எழுதும் வேலைகூட மிச்சம். முகவர் இல்லாத அளபுருவைக் கற்பனை செய்து அனுப்பும் பிழை இதனால் வெகுவாகக் குறையும்.

ஆனால் நம் சிக்கல் அளபுருவில் இல்லை. காலிப் பட்டியலும் ஓபன்ஏபிஐயின் கண்ணுக்குச் செல்லுபடியான விடையே. அது 'சேவை இல்லை' என்பதா, 'உனக்குக் காட்ட அனுமதி இல்லை' என்பதா என்று திட்டவடிவம் சொல்லாது. விளக்கப் புலத்தில் எழுதலாம். ஆனால் நிரலிலிருந்து தானாக உருவாக்கப்படும் கோப்புகளில் அந்தப் புலம் பெரும்பாலும் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

இரண்டாவது தொல்லை அளவு. கோப்பிலுள்ள ஒவ்வொரு பாதையையும் தானாக ஒரு கருவியாக மாற்றித் தரும் மென்பொருள்கள் உள்ளன. அப்படிச் செய்தால் முகவரின் முன் பல பத்துக் கருவிகள் குவியும். ஒவ்வொன்றின் விளக்கமும் உரையாடல் தொடங்கும் முன்பே, மாதிரி ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய அளவான சூழலிடத்தைத் தின்னும். சேவையைப் படிக்கும் கருவிக்குப் பக்கத்திலேயே சேவையின் பதிவை நீக்கும் கருவியும் ஏறத்தாழ ஒரே பெயரோடு நிற்கும். நள்ளிரவில் சோர்ந்த பொறியாளருக்குக்கூட நாம் வைக்கத் தயங்கும் அமைப்பு இது. ஓபன்ஏபிஐ கோப்பை எம்சிபி கருவிகளை எழுதுபவருக்கான மூலப்பொருளாக வைத்துக்கொண்டு, முகவரின் முன் நேராக வைக்காமல் இருப்பதே நல்லது.

எம்சிபி: விடையோடு சேர்ந்து வரும் ஆவணம்

ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையில், ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், இயல்பு மொழியில் ஒரு விளக்கம், உள்ளீட்டுக்கான ஜேசன் திட்டவடிவம் ஆகியவை உண்டு. அந்த விளக்கம்தான் முகவர் படிக்கும் ஆவணம். எழுதுபவர் இதை உணராவிட்டால், "ஹெல்த் பாதையை அழைக்கும் கருவி" என்று எழுதி வைப்பார். அது முகவருக்கு எதையும் சொல்வதில்லை. எழுத வேண்டியது ஏறத்தாழ இப்படி இருக்கும்: "ஒரு சேவையின் எல்லா இன்ஸ்டன்ஸ்களையும் அவற்றின் நலநிலையோடு தருகிறது. ஒரு சேவை ஓடுகிறதா என்று அறிய இதைப் பயன்படுத்தவும். எச்சரிக்கை நிலையில் உள்ளவை டிஎன்எஸ் விடையில் வரும், ஆனால் இங்கே நலமானவையாக எண்ணப்படா. பட்டியல் காலியாக வந்தால் 'காரணம்' என்ற புலத்தைப் படிக்காமல் முடிவு சொல்ல வேண்டாம்."

அந்தக் கடைசி வரியில்தான் எம்சிபியின் உண்மையான பலம் இருக்கிறது. மற்ற வடிவங்கள் முகவர் கேட்பதற்கு முன் அதற்குப் பாடம் சொல்கின்றன. எம்சிபியில் மட்டும் விடை வரும் அதே கணத்தில் விடைக்குரிய விளக்கத்தையும் சேர்த்து அனுப்ப முடிகிறது. ஏசிஎல் வடிகட்டலைச் சொல்லும் ஹெட்டரைச் சர்வர் படித்து, "உன் டோக்கனுக்கு உரிமை இல்லாததால் சில முடிவுகள் மறைக்கப்பட்டன" என்று ஒரு வரியாக்கித் தரலாம். தலைமைச் சர்வரோடு கடைசித் தொடர்பு எப்போது என்பதையும் அவ்வாறே சேர்க்கலாம். காலிப் பட்டியல் வந்தால், அந்தப் பெயரில் சேவை உண்டா என்பதைச் சேவைப் பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்டு, நெருக்கமான பெயர்களைக் காட்டலாம். நீண்ட உரையாடலில் முன்பே படித்த எச்சரிக்கையை மாதிரி கவனிக்காமல் விடுவது நடக்கக்கூடியது. விடைக்குள்ளேயே இருக்கும் எச்சரிக்கையை அப்படி விடுவது அரிது.

கருவிகளின் எண்ணிக்கையைக் குறைவாக வைக்க வேண்டும். சேவைப் பெயர்களைப் பட்டியலிடுவது, ஒரு சேவையின் நலநிலையைத் தருவது, ஒரு நோடில் என்னென்ன பதிவாகியுள்ளன என்று காட்டுவது, கிளஸ்டருக்குத் தலைமை இருக்கிறதா என்று சொல்வது ஆகிய நான்கும் போதும். கேட்டலாக் பாதைக்குத் தனிக் கருவியே தேவையில்லை. தேவையில்லாத கருவியைப் பற்றி எச்சரித்து எழுதுவதைவிட அதை வைக்காமல் விடுவது மேல்.

எழுதும் உரிமையைப் பற்றி உறுதியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு கருவி படிக்க மட்டுமே செய்யும் என்று குறிக்கும் அடையாளம் எம்சிபியில் உண்டு. அது வெறும் குறிப்பு. நம்பத் தகுந்த சர்வரிலிருந்து வராதவரை அதை நம்பக் கூடாது என்று நெறிமுறையே சொல்கிறது. "இதை மாற்ற வேண்டாம்" என்று ஆவணத்தில் எழுதுவது பாதுகாப்பு ஆகாது. சேவைகளுக்கும் நோடுகளுக்கும் படிக்கும் உரிமை மட்டும் கொண்ட தனி டோக்கனை முகவருக்கென்று உருவாக்குவதே பாதுகாப்பு. இன்னொரு நுட்பமான ஆபத்தும் உண்டு: ஹெல்த் செக்கின் வெளியீட்டில், சோதிக்கப்பட்ட சேவை திருப்பி அனுப்பிய உரை அப்படியே இடம்பெறுகிறது. அதற்குள் கட்டளை போன்ற வாசகம் இருந்தால் முகவர் அதைப் பின்பற்ற முற்படலாம். ஆகவே அந்த உரையைச் சுருக்கி, அது தரவு மட்டுமே என்று தெளிவாகக் குறித்துத் தருவதும் சர்வரை எழுதுபவரின் கடமை.

இவ்வளவுக்கும் விலை உண்டு. எம்சிபி சர்வர் என்பது ஓட வேண்டிய, கண்காணிக்க வேண்டிய, புதுப்பிக்க வேண்டிய இன்னொரு மென்பொருள். இரண்டு பேர் கொண்ட குழுவுக்கு அது சுமையாகலாம்.

ஏஜென்ட்ஸ்.எம்டியும் ஸ்கில்லும்

ஏஜென்ட்ஸ்.எம்டி என்பது களஞ்சியத்துக்குள் வைக்கப்படும் எளிய மார்க்டவுன் கோப்பு. 2025இல் பரவலான இது, அதே ஆண்டு டிசம்பரில் எம்சிபியோடு சேர்ந்து லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் அமைந்த ஏஜென்டிக் ஏஐ அமைப்புக்குக் கொடுக்கப்பட்டது. முகவர் வேலையைத் தொடங்கும்போதே இதைப் படித்துவிடுகிறது. எந்த மாதிரியும் எங்கிருந்தும் கற்றிருக்க முடியாத உள்ளூர் உண்மைகளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. எந்த டேட்டாசென்டர் உற்பத்திச் சூழல், எது சோதனைச் சூழல். கன்சலும் குபெர்நெட்டிஸும் இரண்டும் இருக்கும் இடத்தில் எந்தச் சேவைக்கு எதன் சொல் முடிவானது. பழைய பெயரில் இன்னும் பதிவாகிக்கொண்டிருக்கும் சேவைகள் எவை. இவையெல்லாம் இங்கே வர வேண்டும்.

இங்கே வரக் கூடாதவை முகவரிகளும் போர்ட்டுகளும். பதிவகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய எதையும் இந்தக் கோப்பில் எழுதினால், முகவர் பதிவகத்தைக் கேட்காமல் கோப்பையே நம்பும். சேவைக் கண்டறிதல் எந்த நோயைத் தீர்க்க வந்ததோ அதே நோயை ஆவணத்தின் வழியாகத் திரும்பக் கொண்டுவந்ததாகிவிடும். பல குழுக்களின் கோப்புகளில் இந்தக் குறையைத்தான் மிகுதியாகக் காண்கிறேன்.

ஸ்கில் வடிவத்தை ஆந்த்ரோபிக் 2025 அக்டோபரில் அறிமுகப்படுத்தியது. பின்னர் அது திறந்த விவரக்குறிப்பானது. ஒரு கோப்புறை, அதற்குள் ஸ்கில்.எம்டி, தேவையானால் துணைக் கோப்புகளும் நிரல்களும். தொடக்கத்தில் பெயரும் சிறு விளக்கமும் மட்டுமே முகவரின் சூழலுக்குள் நுழைகின்றன. வேலை பொருந்தும்போதுதான் முழு உரையும் படிக்கப்படுகிறது. எப்போதாவது மட்டும் தேவைப்படும் நீண்ட செய்முறைகளுக்கு இது ஏற்றது.

யுரேகாவை வைத்து இதைக் காட்டலாம். நெட்ஃபிளிக்ஸ் உருவாக்கிய இந்தப் பதிவகத்தில் ஒவ்வொரு இன்ஸ்டன்ஸும் 30 விநாடிக்கு ஒருமுறை தன் இருப்பைப் புதுப்பிக்கிறது. 90 விநாடி புதுப்பிக்காவிட்டால் அது நீக்கத்துக்கு உரியதாகும் என்பது ஆவணம் சொல்லும் கணக்கு. ஆனால் புதுப்பிக்கும்போதே அந்தக் கால அளவு ஒருமுறை கூட்டப்பட்டுவிடுவதால், உண்மையில் அது இரு மடங்காகிறது; திடீரென்று இறந்த இன்ஸ்டன்ஸுக்கு 90 என்பது 180 விநாடியாகிவிடும். இது சிறு பிழை என்றும், ஏற்கெனவே பயன்படுத்துவோரைப் பாதிக்கக்கூடும் என்பதால் திருத்தப்படாது என்றும் யுரேகாவின் மூல நிரலிலேயே கருத்துரையாக எழுதியிருக்கிறார்கள். அதற்கு மேல் நீக்கும் பணி 60 விநாடிக்கு ஒருமுறைதான் ஓடுகிறது. சர்வரின் விடைத் தேக்ககம் 30 விநாடி, கிளையண்ட் பட்டியலைப் புதுப்பிப்பது 30 விநாடி. இவற்றையெல்லாம் கூட்டினால், இறந்த இன்ஸ்டன்ஸ் நான்கைந்து நிமிடம்கூடப் பட்டியலில் உயிரோடு தெரியலாம். புதுப்பித்தல்கள் எதிர்பார்த்த அளவில் 85 சதவீதத்துக்குக் கீழே போனால் யுரேகா தற்காப்பு நிலைக்குப் போய், யாரையும் நீக்காமல் நிறுத்திவிடும். அப்போது இறந்தவை பட்டியலில் காலவரையின்றி நீடிக்கும்.

இந்தக் கணக்கை ஏஜென்ட்ஸ்.எம்டியில் திணித்தால் ஒவ்வொரு சிறு வேலைக்கும் அது சுமக்கப்படும். "பதிவகத்தில் தெரியும் இன்ஸ்டன்ஸ் அழைப்புக்கு விடை தராதபோது படிக்கவும்" என்ற விளக்கத்தோடு ஒரு ஸ்கில்லாக வைத்தால், தேவைப்படும் நேரத்தில் மட்டும் வரும். அந்த விளக்க வரியை அறிகுறியின் சொற்களில் எழுத வேண்டும். "யுரேகா தற்காப்பு நிலை பற்றிய வழிகாட்டி" என்று எழுதினால், காரணத்தை இன்னும் அறியாத முகவர் அதைத் திறக்கவே திறக்காது.

கருவிக்கு ஏற்ற தேர்வு

கன்சலை ஓட்டும் நடுத்தர அல்லது பெரிய குழுவுக்கு, நான்கு கருவிகள் கொண்ட மெல்லிய எம்சிபி சர்வரும், உள்ளூர் உண்மைகள் மட்டும் கொண்ட குறுகிய ஏஜென்ட்ஸ்.எம்டியும் என்பதே என் பரிந்துரை. குழு சிறிதாக இருந்தால் எம்சிபியை விட்டுவிடலாம். படிக்கும் உரிமை மட்டுமுள்ள டோக்கனையும், எந்தப் பாதையைக் கேட்க வேண்டும், காலி விடை வந்தால் ஹெட்டரை எப்படிப் பார்ப்பது என்ற சில வரிகளையும் கொடுத்தால் பெரும்பகுதி வேலை நடந்துவிடும்.

குபெர்நெட்டிஸ் மட்டும் இருந்தால் எம்சிபிக்கு அவசரமில்லை. கட்டளைவரிக் கருவியை மாதிரிகள் நன்றாகவே அறிந்திருக்கின்றன. எண்ட்பாயிண்ட்ஸ்லைஸைத்தான் பார்க்க வேண்டும் என்ற ஒரு வரியும், கிளஸ்டரைப் பிரிக்கும் நேம்ஸ்பேஸ்களின் பட்டியல் எங்கே கிடைக்கும் என்ற குறிப்பும், படிக்கும் உரிமை மட்டும் கொண்ட சர்வீஸ் அக்கவுண்ட்டும் (நிரல்களுக்கான கணக்கு) போதும்.

எட்சிடியிலும் சூகீப்பரிலும் நிலைமை முற்றிலும் வேறு. அவை சேவைப் பதிவகமாகப் பிறந்தவை அல்ல. விசையும் மதிப்பும் சேமிக்கும் ஒருங்கிணைப்புக் கருவிகள். எந்த முன்னொட்டின் கீழ் சேவைகள் எழுதப்படுகின்றன, மதிப்பு ஜேசனா வேறு வடிவமா, எட்சிடியில் விசையின் ஆயுளைக் குறிக்கும் லீஸ் எத்தனை விநாடி, சூகீப்பரில் தற்காலிக நோடுகள் (இங்கே நோடு என்பது கணினி அன்று, தரவுப் பதிவு) எந்தப் பாதையில் தோன்றுகின்றன என்பவை அந்தந்தக் குழு தானே வகுத்துக்கொண்ட மரபுகள். எந்த அதிகாரப்பூர்வ ஆவணமும் அவற்றைச் சொல்லாது. இங்கே தேடலும் ஓபன்ஏபிஐயும் ஏறத்தாழ பயனற்றவை, ஏஜென்ட்ஸ்.எம்டியில் எழுதும் ஒரு பக்கமே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். லீஸ் முடிந்தவுடன் விசை மறைந்துவிடுவதால், 'சேவை இறந்தது' என்பதற்கும் 'என்றுமே இருந்ததில்லை' என்பதற்கும் வேறுபாடு தெரியாது என்பதையும் அந்தப் பக்கத்தில் தவறாமல் எழுத வேண்டும்.

யுரேகாவுக்கு ஸ்கில் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. அங்கே தவறுகள் பெரும்பாலும் நேரக் கணக்கில்தான் நேர்கின்றன. முகவர்களே மற்ற முகவர்களைக் கண்டுபிடிப்பதற்காகக் கூகுள் 2025 ஏப்ரலில் அறிவித்த ஏ2ஏ நெறிமுறையின் அடையாள அட்டைகளையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அது வேறு சிக்கலுக்கான தீர்வு. சேவைப் பதிவகத்தைப் படிக்கக் கற்றுத்தர அதனால் ஆகாது.

எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும், அது வேலை செய்கிறதா என்பதை உடைத்துப் பார்த்தே அறிய முடியும். சோதனைச் சூழலில் ஓர் இன்ஸ்டன்ஸின் ஹெல்த் செக்கை வேண்டுமென்றே தோல்வியுறச் செய்து, எத்தனை ஓடுகின்றன என்று முகவரைக் கேட்க வேண்டும். நோடு உரிமை இல்லாத டோக்கனைக் கொடுத்து, ஓடும் சேவையைப் பற்றிக் கேட்க வேண்டும். "இல்லை" என்று அது சொன்னால் ஆவணம் தோற்றது, "எனக்கு உரிமை இல்லாமல் இருக்கலாம்" என்று சொன்னால் தேறியது. ஒரு எழுத்து மாறிய சேவைப் பெயரைக் கொடுத்தும், தலைமைச் சர்வரை நிறுத்திவைத்தும் அதேபோலக் கேட்கலாம். ஒவ்வொன்றுக்கும் சரியான விடை நமக்கு முன்பே தெரியும் என்பதால், எந்த வடிவம் எந்தக் கேள்வியில் தவறுகிறது என்பதை நேராக ஒப்பிட்டு முடிவெடுக்க இயலும். பதிவகத்தின் பதிப்பை உயர்த்தும் பணிப் பட்டியலில் இதே கேள்விகளை ஒரு படியாகச் சேர்த்து, தவறிய கேள்விக்குரிய வரியைத் திருத்திய பிறகே புதிய பதிப்பை உற்பத்திச் சூழலுக்கு அனுப்ப வேண்டும்.